கொத்தனார் டாக்டர்

என் பெரியப்பாவுக்கு 71 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை. ஆனாலும் பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலை போய்விடுவார். 14 கிலோமீட்டர் கிரிவலம், அதுவும் வெறுங்காலில். போன சித்திரையில் கூட்டத்துக்குப் பயந்து மதியமே நடக்க ஆரம்பித்துவிட்டார். திரும்பி வந்ததும் ஒரே பெருமை. "தார் ரோடு அனலாக் கொதிக்குது. எல்லாரும் தத்தித் தத்தி ஓடுறாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியலை. எல்லாம் அண்ணாமலையார் அருள்."

இரண்டு நாள் கழித்துப் போர்வையில் ஈரக்கறை இருந்ததைப் பெரியம்மாதான் பார்த்தார். வலது உள்ளங்காலில் பெரிய கொப்புளம் ஒன்று உடைந்து, தோல் உரிந்து தொங்கியது. அந்தக் காலோடுதான் அவர் ரேஷன் கடைக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வந்திருக்கிறார்.

சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அங்கிருந்த நர்ஸ் பெண், பிளாஸ்டிக் பிடியில் பொருத்திய ஒரு நைலான் இழையை எடுத்தாள். தூண்டில் நரம்பு மாதிரி இருந்தது. "ஐயா, கண்ணை மூடிக்கோங்க. கால்ல படுறப்ப 'ம்'னு சொல்லுங்க." கட்டைவிரல் நுனி, விரல்களின் அடிப்பகுதி, குதிகால் என்று வரிசையாக இழை வளையும்வரை அழுத்தி எடுத்தாள். ஆறாவது இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தபோது பெரியப்பா கண்ணை மூடியபடியே கேட்டார்: "இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?"

அந்த இழை 10 கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்டது. அது வளைந்தும் தெரியவில்லை என்றால், அந்தப் பாதம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் திறனை இழந்துவிட்டது என்று பொருள். இந்தக் கணக்கைப் போட்டது சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இல்லை. அமெரிக்காவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் கார்வில் என்ற ஊரில் இருந்த தொழுநோய் மருத்துவமனை. 1986-ல் அந்த ஆய்வை வெளியிட்டவர்கள் அங்கே மறுவாழ்வுப் பிரிவில் இருந்தவர்கள். அந்தப் பிரிவின் தலைவராக 20 ஆண்டுகள் இருந்து, அதே ஆண்டில் ஓய்வுபெற்றவர் ஓர் அறுவை சிகிச்சைப் பேராசிரியர். பெயர் பால் வில்சன் பிராண்ட். வளர்ந்த ஊர், கொல்லிமலை.

*

இன்றைக்குக் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை இருக்கிறது. 1913-ல் ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் கல்யாணம் முடித்த கையோடு மலையேறியபோது இருந்தது ஒற்றையடிப் பாதைதான். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் அங்கே இரவு தங்க மாட்டார்கள். ஜெஸ்ஸி இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி. முறையாக டாக்டருக்குப் படித்தவர் இல்லை. மிஷனரிகளுக்கென்று இருந்த ஒரு வருட வைத்தியப் படிப்பு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு பல் பிடுங்கினார், சீழ்க்கட்டி கீறினார், நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தார். 1914 ஜூலை 17-ல் பிறந்த பால் இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தான். ரத்தமும் சீழும் குமட்டலைத்தான் தந்தன. டாக்டராக மட்டும் ஆகக்கூடாது என்று அன்றைக்கே முடிவுசெய்துவிட்டதாகப் பிற்பாடு எழுதினார்.

அந்த வயதில் கண்ட இன்னொரு காட்சியும் அவருக்கு மறக்கவில்லை. ஒருநாள் அந்நியர் மூவர் வந்தார்கள். கை கால்களில் விரல்கள் குறைந்திருந்தன. எல்லா நோயாளிகளையும் வெறுங்கையால் தொடும் அப்பா, அன்று கையுறை போட்டுக்கொண்டு புண்களைக் கழுவினார். அம்மா ஒரு கூடையில் உணவு கொடுத்தார். பிள்ளைகள் கிட்டே வரக்கூடாது என்று உத்தரவு. அவர்கள் போனபின் அந்தக் கூடை எரிக்கப்பட்டது. 'பெருவியாதி' என்று நம் வீடுகளில் குரலைத் தாழ்த்திச் சொல்வோமே, அந்த நோய்.

ஒன்பது வயதில், 1923-ல், படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். அப்பாவை அவன் பிறகு பார்க்கவே இல்லை. 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் மலையிலேயே இறந்தார். தந்தி உடனே போய்விட்டது. கடிதங்களோ கப்பலில் வருபவை. இறந்த செய்தி வந்த பிறகும் பல வாரங்கள் அப்பாவின் கடிதங்கள் மகனுக்கு வந்துகொண்டே இருந்தன. மலையின் மரங்களைப் பற்றி, பறவைகளைப் பற்றி, மகனைப் பார்க்கப்போகும் நாளைப் பற்றி.

மருத்துவப் படிப்புக்குப் பணம் கட்டுவதாக உறவினர் ஒருவர் சொன்னார். பால் மறுத்துவிட்டுக் கட்டட வேலைக்குப் போனார். நாலைந்து வருடம் லண்டனில் கல் செதுக்கினார், செங்கல் அடுக்கினார், மரம் இழைத்தார். அப்பாவைப் போல மலையில் வீடும் பள்ளியும் கட்டுவதுதான் திட்டம். நம் ஊரில் 'கொத்தனார் வேலை பார்த்த டாக்டர்' என்றால் நமட்டுச் சிரிப்பு சிரிப்பார்கள். ஆனால் எந்த மரம் எந்த இழுப்பைத் தாங்கும், உளி எங்கே நிற்க வேண்டும், எந்த இடத்தில் பாரம் ஏற்றினால் எந்த இடத்தில் விரிசல் விடும் என்பதை அவர் கையால் கற்ற காலம் இதுதான். பிற்பாடு அவர் எழுதிய எல்லாவற்றிலும், 1985-ல் கை அறுவை சிகிச்சையாளர்களுக்காக எழுதிய கனமான பாடநூலிலும்கூட, விசை, இழுவை, நெம்புகோல் என்று கொத்தனார் குரல் கேட்டுக்கொண்டேயிருக்கும்.

கிளம்புவதற்கு முன் அப்பா படித்த அதே ஒரு வருட வைத்தியப் படிப்பைப் படிக்கப் போனார். பயிற்சிக்காகச் சென்ற மருத்துவமனையில் ஓர் இரவு, ரத்தம் இழந்து வெளிறிப்போய் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். செத்துவிட்டாள் என்றே இவர் நினைத்தார். ரத்தம் ஏற்ற ஏற்ற அவள் கன்னம் சிவந்தது. கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். அந்த இரவோடு சீழைப் பற்றிய குமட்டல் போயிற்று. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் சேர்ந்தார். உடன் படித்த மார்கரெட் பெர்ரியை 1943-ல் மணந்தார். ஜெர்மன் விமானங்கள் லண்டனைத் தகர்த்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் சிதைந்த கைகளுக்கும் கால்களுக்கும் பஞ்சமே இல்லை. அறுவை சிகிச்சை படிக்க அதைவிடக் கொடிய, அதைவிடத் தேர்ந்த பள்ளிக்கூடம் கிடைக்காது.

*

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். குறுகிய காலத்துக்கு என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் ராபர்ட் காக்ரேன், அன்றைய உலகின் முக்கியமான தொழுநோய் நிபுணர்களில் ஒருவர். செங்கல்பட்டு திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்த்துக்கொண்டவரும் அவரே. 1947-ல் ஒருநாள் பிராண்டை அங்கே அழைத்துப்போனார். தோட்டத்தைக் காட்டினார், தறிக்கூடத்தைக் காட்டினார். பிராண்டின் கண்ணோ கைகளை விட்டு நகரவில்லை. மடங்கி இறுகிய விரல்கள். பறவை நகம்போல வளைந்தவை. விரலே இல்லாதவை.

எலும்பு முறிவு டாக்டர்கள் இவர்களுக்கு ஏன் எதுவும் செய்யவில்லை என்று கேட்டார். காக்ரேனுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் தோல் டாக்டர், கை கால் உங்கள் துறை. உலகத்தில் இத்தனை தொழுநோயாளிகள் இருக்க, இந்தக் கைகளை எட்டிப் பார்த்த எலும்பு டாக்டர் ஒருவராவது உண்டா என்று திருப்பிக் கேட்டார். பதில் இல்லை.

அடுத்து நடந்ததைப் பிராண்ட் வாழ்நாள் முழுவதும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே நின்ற ஓர் இளைஞரிடம் தன் கையைக் கொடுத்து, முடிந்தவரை அழுத்து என்றார். செயலிழந்த கை என்ன அழுத்தப்போகிறது என்ற நினைப்பு. பிடி இரும்பாக இறுகியது. நகங்கள் சதையில் பதிய, வலியில் கத்திவிட்டார். எதிரே நின்றவர் சிரித்துக்கொண்டிருந்தார். தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள் அந்த ஒரு பிடியில் இருந்தன. ஒன்று, அந்தக் கை செத்துப்போகவில்லை. உள்ளே வலுவான தசைகள் இருக்கின்றன. இன்னொன்று, அந்தக் கைக்குத் தான் செய்வது தெரியவில்லை. முதலாவது பிடிபட்ட உடனே அவர் கத்தியை எடுத்தார். இரண்டாவது பிடிபடப் பல வருடம் ஆயிற்று.

தொழுநோய்க் கிருமி உடம்பின் குளிர்ந்த இடங்களை விரும்பும். தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளை முழங்கைக்குப் பக்கத்திலும், மணிக்கட்டுக்குச் சற்று மேலேயும், முழங்காலுக்கு அருகிலும் பிடிக்கும். இறந்த நோயாளி ஒருவரின் உடலை ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துப் பார்த்தபோது, நரம்புகள் அந்தந்த இடங்களில் மட்டும் வீங்கியிருந்ததைப் பிராண்டும் உடன் இருந்தவரும் கண்டார்கள். வீக்கத்துக்கு மேலேயே கிளை பிரிந்து போகும் நரம்புகளுக்குச் சேதமில்லை. ஆகவே முன்கைத் தசைகள் பிழைத்திருந்தன. உள்ளங்கையின் சின்னத் தசைகள்தான் செயலிழந்திருந்தன. உயிருள்ள தசையின் நாணைப் பிரித்தெடுத்து, செயலிழந்த விரலுக்குத் திருப்பிக் கட்டினால்? கவலையில் எருது இழுக்கும் கயிற்றை வேறு சாலுக்கு மாற்றுவது போன்ற வேலை. நாண் நீளம் போதாதபோது, காலிலிருந்து ஒரு மெல்லிய நாணை எடுத்து நாலு கிளையாகப் பிரித்து, நாலு விரலுக்கும் ஓட்டினார். இந்த முறைகள் இன்றும் பாடநூல்களில் அவர் பெயராலேயே வழங்குகின்றன. 1952-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் ஹண்டேரியன் பேராசிரியராக அவர் ஆற்றிய உரையும் தொழுநோய்க் கையைச் சீரமைப்பது பற்றியதுதான்.

கத்தி பாதி வேலை. நேற்றுவரை மணிக்கட்டைத் தூக்கிய தசை இன்றுமுதல் விரலை மடக்க வேண்டும் என்பதை மூளைக்குச் சொல்லிக்கொடுக்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். சோற்றைப் பிசைந்து உருட்டி வாயில் போடுவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது, அதை இழந்தவருக்கும் கற்றுக்கொடுத்தவருக்கும் மட்டுமே தெரியும்.

கை நிமிர்ந்தது. ஆட்கள் ஊருக்குப் போனார்கள். சில மாதங்களில் திரும்பிவந்தார்கள், முகம் தொங்கிப்போய். இது பிச்சைக்கு உதவாத கை என்றார்கள். மடங்கிய கையை நீட்டினால் காசு விழுந்தது; நிமிர்ந்த கையை நீட்டினால் யாரும் போடவில்லை. வேலை தரவும் ஆளில்லை. முகத்தில் நோயின் தடம் அப்படியே இருந்ததே. நல்லது செய்யப்போய் ஒருவரின் பிழைப்பைக் கெடுத்துவிட்டோம் என்று உணர்ந்த டாக்டர் என்ன செய்வார்? பெரும்பாலானவர்கள் அடுத்த கேஸைப் பார்க்கப் போய்விடுவார்கள் என்பது என் எண்ணம். பிராண்ட் உளியை எடுத்தார்.

*

1951-ல் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 'நவஜீவ நிலையம்' என்று ஒரு சிறு குடியிருப்பு எழுந்தது. வெள்ளையடித்த சின்னஞ்சிறு வீடுகள். ஒரு தச்சுப்பட்டறை. லண்டனில் கற்ற தொழிலை அங்கே பிராண்ட் சொல்லிக்கொடுத்தார். மர பொம்மைகள் செய்தார்கள். முகத்துக்கும் வழி தேடினார்கள். உதிர்ந்த புருவத்துக்குத் தலையின் முடியுள்ள தோலை ரத்தக்குழாயோடு இறக்கிப் பொருத்தினார்கள். தலைமுடி இல்லையா, அது வளர்ந்துகொண்டே போகும். கத்தரிக்கச் சொன்னாலும் சிலர் கேட்கவில்லையாம். கண்ணை மறைக்கும் அளவுக்குப் புருவம் வளர்த்துப் பெருமையாகத் திரிந்தார்கள். மார்கரெட் இதற்குள் கண் அறுவை சிகிச்சையில் இறங்கியிருந்தார். இமைக்க முடியாத கண் வறண்டு குருடாகும். மெல்லும் தசையின் ஒரு பட்டையை எடுத்து இமையில் கட்டினால், மெல்லும்போதெல்லாம் கண் மூடும். அந்த வீட்டில் கணவரின் பெயர் பெரிதாயிற்று. மனைவி காப்பாற்றிய கண்களின் கணக்கைத் தனியாக எழுத வேண்டும்.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே நவஜீவ நிலையத்தின் மாலை நேரங்களுக்காக. பட்டறை முடிந்ததும் எல்லோருடைய கைகளையும் கால்களையும் பரிசோதிப்பது வழக்கமாயிற்று. தினமும் புதுப்புண் இருக்கும். சீரமைத்த விரலில்கூட. தொழுநோயில் சதை தானாக அழுகி உதிரும் என்றுதான் அதுவரை மருத்துவ உலகமும் ஊர் உலகமும் ஒருமித்து நம்பின. பிராண்டின் கொத்தனார் புத்தி அதை ஏற்கவில்லை. சுவரில் விரிசல் விட்டால் சுவருக்குச் சாபம் என்று எந்த மேஸ்திரியும் சொல்ல மாட்டார். பாரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவார்.

தேடினார்கள். ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு கதை இருந்தது. துரு ஏறிய பூட்டைத் திறக்கப் பிராண்டால் முடியவில்லை. ஒரு பையன் வந்து சாவியை வெடுக்கென்று திருப்பினான். சொட்டிய ரத்தத்தைப் பார்த்துக் கையை விரித்தால், சாவி விரலை எலும்புவரை அறுத்திருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. தணலில் விழுந்த கிழங்கை ஒரு முதியவர் வெறுங்கையை விட்டு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். சுத்தியல் பிடியில் சிலாம்பு. சூடான பாத்திரத்தின் விளிம்பு. புண்ணின் வடிவத்தைப் பார்த்தே எந்தப் பொருள் பட்டது என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்கள்.

ஒரு மர்மம் மட்டும் விலகவில்லை. ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இருக்காது. ஒருவர் விழித்திருந்து காவல் பார்த்தபோதுதான் விடை தெரிந்தது. எலி. தூங்குகிறவரின் விரலை எலி கடிக்கிறது, கடிபடுகிறவர் விழிக்கவில்லை. நவஜீவ நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரும் பூனை ஒன்றைக் கூடவே கொண்டுபோக வேண்டும் என்று விதி போட்டார்கள். மருத்துவ வரலாற்றில் பூனையைச் சீட்டில் எழுதிக் கொடுத்த பேராசிரியர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆக, கிருமி விரலைத் தின்பதில்லை. அது வலியைத் தின்றுவிட்டுப் போய்விடுகிறது. மிச்சத்தைச் சாவியும் கனலும் எலியும் முடிக்கின்றன. அப்படியென்றால் விரல் போவதைத் தடுக்க முடியும். பல நூற்றாண்டு நம்பிக்கை ஒன்று தச்சுப்பட்டறையில் உடைந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இதில் அவருக்கே ஒரு ராத்திரி அனுபவம் உண்டு. 1953 வாக்கில், வெளிநாட்டுப் பயணத்தின் இடையே லண்டனில் காலுறையைக் கழற்றியவருக்குக் குதிகாலில் உணர்ச்சியில்லை. ஊசியால் குத்தினார், தெரியவில்லை. இத்தனை வருடம் வெறுங்கையால் தொட்ட நோய் தன்னையும் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி, மனைவியைப் பிரிய வேண்டுமே, பிள்ளைகளைப் பிரிய வேண்டுமே என்று விடியும்வரை துடித்தார். காலையில் மறுபடி குத்தினார். சுள்ளென்று வலித்தது. ரயிலில் வெகுநேரம் ஒரே வாக்கில் உட்கார்ந்திருந்ததில் கால் மரத்துப்போயிருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஊசிக் குத்துக்காக ஒரு மனிதர் ஆனந்தப்பட்டார்.

*

பேராசிரியர் என்பவரை அவருடைய கட்டுரைகளை எண்ணி அளப்பது இன்றைய பழக்கம். பிராண்டின் மாணவர்களைப் பார்த்தாலே போதும். 1954 ஜனவரியில் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோன இளம் டாக்டர் மேரி வர்கீஸ், தன் மருத்துவ வாழ்க்கை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தார். உட்கார்ந்தபடி செய்யக்கூடிய அறுவை சிகிச்சை எது என்று பிராண்ட் யோசித்தார். கை அறுவை! நோயாளியின் கையைப் பக்கவாட்டு மேஜையில் நீட்டிவைத்து டாக்டர் உட்கார்ந்துதான் செய்வார். சக்கர நாற்காலியிலிருந்தே மேரி தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்தார். பிறகு உடலியல் மறுவாழ்வுத் துறையைச் சி.எம்.சி.யில் கட்டியெழுப்பினார்; 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. வேலூருக்கு வெளியே கரிகிரியில் 1955-ல் தொடங்கிய தொழுநோய் ஆய்வு மருத்துவமனையைப் பின்னாளில் நடத்திய எர்னஸ்ட் ஃப்ரிட்ஷியும் பிராண்டிடம் கற்றவர். பிராண்டுக்கு 1960-ல் லாஸ்கர் விருது, 1961-ல் பிரிட்டனின் சி.பி.இ. இவற்றை ஒரு வரியில் கடந்துவிடலாம். அவரும் அப்படித்தான் கடந்தார்.

செருப்பை அப்படிக் கடக்க முடியாது. பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தைப் பரப்பினால் புண் ஆறுகிறது என்பதைச் சென்னையில் ஜோசப் கானும் கொழும்பில் மில்ராய் பாலும் அவருக்கு முன்பே காட்டியிருந்தார்கள். ஆறிய பாதத்துக்கு என்ன போடுவது? டயர் செருப்பு அழுத்தும், ஆணி குத்தும். நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரில் காலணி செய்யும் முயற்சிகளில் அவரும் சகாக்களும் ஆண்டுக்கணக்கில் மெனக்கெட்டார்கள். இன்று அரசு ஆஸ்பத்திரிகளில் தொழுநோயாளிகளுக்குத் தரும் 'எம்.சி.ஆர். செருப்பு' அந்த வழியில் வந்ததுதான்.

*

1966-ல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போனார். கார்வில், ஒரு பழைய கரும்புத் தோட்ட மாளிகையைச் சுற்றி எழுந்த தேசியத் தொழுநோய் மருத்துவமனை. வேலூரில் கண்ணால் பார்த்ததை அங்கே கருவிகளால் அளந்தார். எலிகளின் பாதத்தில் மிதமான அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் நாள் ஒன்றும் ஆகாது. நாளாக ஆக வீங்கும், சிவக்கும், பிறகு உடையும். ஒரே பெரிய அடிதான் புண்ணாக்கும் என்பதில்லை. ஆயிரக்கணக்கான சாதாரண அடிகளும் போதும். உணர்ச்சியுள்ள மனிதன் நீண்ட தூரம் நடக்கும்போது, தன்னையறியாமல் நடையை மாற்றிக்கொண்டே இருப்பான். கொஞ்ச தூரம் குதிகால், கொஞ்ச தூரம் பாத விளிம்பு. லேசான நொண்டல்கூட ஒரு வைத்தியம். உணர்ச்சியற்ற பாதம் முதல் கிலோமீட்டரில் வைத்த மாதிரியே பதினாலாவது கிலோமீட்டரிலும் வைக்கும்.

இதைப் படித்தபோது எனக்குப் பெரியப்பாதான் நினைவுக்கு வந்தார்.

வலி போனால் செயற்கை வலி தரலாமே என்று பொறியாளர்களோடு சேர்ந்து சில ஆண்டுகள் உழைத்தார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை உணரும் கருவிகள். அளவு மீறினால் காதில் ஒலி. நோயாளிகள் ஒலியைச் சட்டை செய்யவில்லை. உணர்ச்சியுள்ள இடம் பார்த்து, அக்குளில், மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அதற்குப் பலன் இருந்தது. ஆனால் ஆபத்தான வேலை ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், சுவிட்சை அணைத்துவிட்டு வேலையை முடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்கள். அணைக்க முடிகிற வலியால் பயனில்லை என்று கண்டு திட்டத்தைக் கைவிட்டார். தோற்றுப்போன ஆராய்ச்சியை இவ்வளவு விரிவாக, இவ்வளவு ரசித்து எழுதிய விஞ்ஞானிகள் குறைவு.

இதற்கிடையில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்கள் அவர் கண்ணில் பட்டன. அதே இடத்தில் அதே புண். ரத்த ஓட்டம் குறைந்ததால் வரும் புண், ஆறாது, வெட்ட வேண்டியதுதான் என்பது அந்நாளைய பொதுக் கருத்து. பிராண்ட் வேலூர்க் கண்ணோடு பார்த்தார். மாவுக்கட்டுப் போட்டார், பல புண்கள் ஆறின. காலுறையைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள் என்று சர்க்கரை டாக்டர்களிடம் ஊர் ஊராகச் சொன்னார். சமூகம் ஒதுக்கிவைத்த நோயாளிகளிடம் கற்ற பாடம், வசதியானவர்களின் கால்களைக் காப்பாற்றத் தொடங்கியது. செங்கல்பட்டிலும் கரிகிரியிலும் விரல் இழந்த மனிதர்களுக்கு நம் ஊர்ச் சர்க்கரை நோயாளிகள் பட்டிருக்கும் கடனை யாரும் எழுதி வைக்கவில்லை.

*

1986-ல் ஓய்வுபெற்று சியாட்டிலில் குடியேறினார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கௌரவப் பேராசிரியர். ஃபிலிப் யான்சி என்ற எழுத்தாளரோடு சேர்ந்து எழுதிய நூல்கள் அவரை மருத்துவத்துக்கு வெளியேயும் கொண்டுசென்றன. வலி யாருக்கும் வேண்டாத ஒரு பரிசு என்பது அவருடைய கட்சி. இதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. மூட்டுவலியில் பத்து வருடமாக உறங்காத ஒரு பாட்டியிடம் போய் இது பரிசு என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. வலி தன் சேதியைச் சொல்லி முடித்தபிறகும் போகாமல் உட்கார்ந்திருப்பதை அவரும் எழுதியிருக்கிறார். ஆனாலும் வலியே இல்லாதவர்களோடு வாழ்ந்தவரின் தராசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

ஓய்வு என்ற சொல் அந்தக் குடும்பத்துக்கு ஒட்டவே இல்லை. அம்மா ஈவ்லினுக்கு வயதாகிவிட்டது, திரும்பி வரலாம் என்று மிஷன் சொன்னபோது, ஒரே ஒரு வருடம் என்று கேட்டு வாங்கி, அது முடிந்ததும் மிஷனிலிருந்தே விலகிக்கொண்டு மறுபடி மலையேறியவர் அவர். கொல்லிமலை மட்டுமில்லை, பச்சைமலை, கல்வராயன் என்று மலை மலையாக மட்டக்குதிரையில் சுற்றினார். மலைமக்கள் 'பாட்டி' என்றே அழைத்தார்கள். 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்து, கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் கொல்லிமலை வாழவந்தியில் புதைக்கப்பட்டார். இடையில் 45 வருடம்.

மகனும் பிற்காலத்தில் எழுதிய ஒரு கட்டுரையில் அந்த மலைக்குத்தான் திரும்பிப் போனார். வயல் வரப்பில் தவளை பிடிக்கிறோம் என்று சேற்றைக் கலக்கிய பிள்ளைகளை ஒரு தாத்தா பிடித்து நிறுத்துகிறார். கலங்கிய தண்ணீரோடு கீழ்வயலுக்கு ஓடிப்போகும் மண் இந்த வயலுக்கு இனி வராது, அந்த ஒரு பிடி மண்ணில் வருடா வருடம் விளைய வேண்டிய நெல்லும் போயிற்று என்று சொல்கிறார். உலகம் சுற்றிய பேராசிரியருக்கு மண் அரிப்பைப் பற்றி எழுத அந்தத் தாத்தாவைவிட நல்ல சான்று கிடைக்கவில்லை.

2003-ல் மாடிப்படியில் விழுந்து, மண்டைக்குள் ரத்தம் கசிந்து, ஜூலை 8 அன்று சியாட்டிலில் காலமானார். 89 வயது நிறைய ஒன்பது நாள் இருந்தது.

*

பெரியப்பாவின் புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. டாக்டர் எழுதிக்கொடுத்த செருப்பை வாங்கப்போன இடத்தில் கடைக்காரர், உள்ளே கறுப்பாக மெத்தென்று இருந்த அடுக்கை அமுக்கிக்காட்டி, "எம்.சி.ஆர். சார், ஒரிஜினல்" என்றார். பெரியப்பாவுக்கு அதன் பூர்வீகம் பிடிக்கவில்லை. "இது அவங்க போடுறதாச்சே" என்று முணுமுணுத்தார். நான் பதில் சொல்லவில்லை. பெரியம்மாதான், "கால் இருந்தாத்தான் செருப்பு" என்று பணத்தை எடுத்து நீட்டினார்.

இப்போது தினமும் ராத்திரி எட்டு மணி சீரியல் முடிந்ததும் பெரியம்மா டார்ச்சும் முகம் பார்க்கும் கண்ணாடியுமாகத் தரையில் உட்கார்ந்துகொள்கிறார். பெரியப்பா கட்டிலிலிருந்து காலை நீட்டுகிறார். விரல் இடுக்கு, குதிகால், பாத விளிம்பு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். நான் போயிருந்த அன்று சுண்டுவிரலுக்கு அடியில் புளியங்கொட்டைத் தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"எப்ப மிதிச்சீங்க?"

"எங்க?" என்றார் பெரியப்பா, குனிந்து பார்த்தபடி.